என் வாயால் நின்ற ரயில்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்குக் குறையொன்றுமில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, ஒரு வாரமாக அது என்னிடம் இல்லை. போனிலேயே சொல்லியிருப்பேன், நீ கூப்பிட்டதுமே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாரே, என்ன செய்ய. குட்டிக்கு இருமல் நின்றதா? குளிரில் காதை மூடி அனுப்பு, அவள் அடம்பிடிக்கிறாள் என்று விட்டுவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் நம் கிளை ரயில் பாதையைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். கல் குவாரிக்காகத் தண்டவாளம் போட்டது, பிறகு ஜனங்களுக்காக இரண்டு பெட்டி சேர்த்தது, குவாரி மூடிய பிறகு அந்த இரண்டு பெட்டி மட்டும் காலையும் மாலையும் ஓடியது, கடைசியில் அதையும் நிறுத்தியது என்று எல்லாம் வேண்டுமாம். கடைசி ஸ்டேஷன் மாஸ்டர் அப்பா என்று தெரிந்ததும் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் தேடியெடுத்துத் துவைத்து வாசலில் காயப்போட்டார், தெருவில் போகிறவர்கள் எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள். ரயில் ஏன் நின்றது என்று டீச்சர் கேட்டதற்கு உனக்குத் தெரிந்த அதே பாட்டுதான், "ஜனங்களே கைவிட்டுட்டாங்கம்மா, ஆறு நாள் ஆள் எண்ணினாங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்களைத் தவிர ஒருத்தரும் ஏறலை" என்றார். வருகிற வியாழக்கிழமை டீச்சர், தினமும் ரயிலில் பால் கொண்டுபோன நம் பால்காரரிடமும் கேட்கப்போகிறாராம். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஏனென்று சொல்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. ஆள் எண்ணிய வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "திங்கக்கிழமை ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் நோட்டும் கையுமா வர்றார், ஆறு நாளும் ரயில்லயே போய்ட்டு வருவார், யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். எதற்கு வருகிறார் என்று சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்தால் ஆளைத் திரட்டிக் கூட்டம் காட்டியதாக ஆகிவிடும், அந்த மாதிரி வேலை அவருக்கு ஆகாது. எனக்கு அதெல்லாம் தெரியுமா? நோட்டோடு ஆபீசர் வந்தால் டிக்கெட் பரிசோதனை என்றுதான் நினைத்தேன். நம் ரயிலில் டிக்கெட் வாங்கி ஏறியவர்கள் எத்தனை பேர், உனக்கே தெரியும். பால் கேனோடும் காய்கறி மூட்டையோடும் பெண்கள் ஏறும்போது அப்பா சிக்னலையே பார்த்துக்கொண்டு நிற்பார். பாவம் மாட்டிக்கொள்வார்களே என்று பால்காரர் மனைவி காதில் மட்டும், "டிக்கெட் பார்க்க ஆள் வர்றார், அடுத்த வாரம் ரயில் பக்கமே வராதீங்க" என்று போட்டுவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏழு ஸ்டேஷனுக்கும் தெரிந்துவிட்டது. ஆறு நாளும் வயல் வழியாக நடந்தார்கள், லாரியில் தொற்றிக்கொண்டு போனார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நீங்கள் நாலுபேர்தான் ஏறினீர்கள். அப்பா தேய்த்த சட்டையோடு ஸ்டேஷன் வாசலைப் பார்த்தபடியே நின்றார். மூன்றாம் மாதம் உத்தரவு வந்தது. போதிய பயணிகள் இல்லை என்று அவர் வாசித்தபோதுதான் அந்த நோட்டில் எண்ணியது எதை என்று எனக்குப் புரிந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

அன்றைக்குப் பேச்சை நிறுத்தியதுதான், பால்காரரோடு அப்பா இன்றுவரை பேசுவதில்லை. பாதித் தெருவுக்கு முகம் கொடுப்பதில்லை. அவர்களோ தங்களைக் காப்பாற்ற அப்பாதான் என் மூலமாக ரகசியமாகச் சொல்லியனுப்பினார் என்று நினைத்து, அவர் வேலைக்கும் பென்ஷனுக்கும் கேடு வரக் கூடாதென்று வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர் துருவிக் கேட்டால் பால்காரர் பெருமையாகவே சொல்லிவிடுவார். அப்பா அதை இன்னொருவர் வாயால் கேட்பதா? சொல்லலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன், இரண்டு தடவையும் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தரச் சொன்னார். பதற்றத்தில் உப்பை இரண்டு முறை போடுகிறேன், அதையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். இன்றைக்குத் திங்கட்கிழமை, எனக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை. தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. புதன்கிழமை காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். ஒரு கன்னத்தில் சோப்போடு அப்படியே கேட்டார். ஒரே ஒரு கேள்விதான், "அப்ப அவங்க வேணும்னு வராம இருக்கலையா?" இல்லை என்றேன். சோப்பைத் துடைத்துவிட்டுப் பாதிச் சவரத்தோடேயே பால்காரர் வீட்டுக்கு நடந்தார். மத்தியானம்தான் திரும்பினார். மாட்டுக்கொட்டகையில் பால்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம், பால்காரர் மனைவி வந்து சொன்னாள். நேற்று டீச்சர் வந்தபோது பால்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்று விடாமல் சொன்னார். யார் வெளியே விட்டது என்று டீச்சர் கேட்டார். நான் காபித் தட்டோடு கதவருகே நிற்கிறேன். என் பக்கம் திரும்பாமலே, "நான்தான் சொல்லிட்டேன், என் பேரையே போட்டுக்குங்க" என்றார். டீச்சர் எழுதிக்கொண்டார். பால்காரர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

என்னிடம் இன்னும் பேசவில்லை. சாப்பாடு ஆயிற்றா என்று சுவரைக் கேட்கிறார், சுவருக்குப் பதிலாக நான் பதில் சொல்கிறேன். தெரு முழுக்கச் சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்குள் வந்ததும் வாய் பூட்டிக்கொள்கிறது. ஒரு கோபத்தை இருபத்திரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்த மனுஷன், இதை எத்தனை நாள் வைத்திருப்பாரோ.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், என் ஆயுசில் பாதி குட்டிக்குச் சேரட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட மறந்துவிடாதே. ரயில் நின்ற பிறகு பள்ளிக்கூடத்துக்கு வேறு வழியில்லாமல் பன்னிரண்டு வயதில் உன்னை விடுதியில் கொண்டுபோய் விட்டாரே, நீ ஒரு வருஷம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்துபோகிறாய். அந்த வலியை அவர் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். புத்தகம் உன் கைக்கு வந்தால் அதிலும் அப்பா பெயர்தான் இருக்கும். அதை நம்பாதே. உன்னை வீட்டை விட்டு அனுப்பியது அவர் இல்லையடி, நான்.

இப்படிக்கு,
உன் அம்மா