வெடி வாத்தியார்

இன்று விருதுநகர் கடைத்தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையைக் கடக்கையில் சால்டரிங் பேஸ்ட் கருகும் வாசனை வந்தது. உன் சட்டைக் கைகளில் எப்போதும் இருந்த வாசனை. நின்றுவிட்டேன்.

நீ அறிவியல் ஆசிரியராயிருந்த பள்ளிக்கு அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரை நன்கொடையாகத் தந்தவர் பட்டாசுக் கம்பெனி முதலாளி. வரும்போதே அது ஊமை. நீ பிரித்துச் சரிசெய்தாய். பொத்தானை அழுத்தினால் சில நொடி மௌனம். பிறகு உள்ளே ரிலே என்னும் சிறு சுவிட்ச் 'டிக்' என்று ஒட்டும். அதன் பின்பே ஒலி. "சோம்பேறித்தனம் இல்லலே, மரியாதை. உள்ள எல்லாம் அடங்குன பெறகுதான் வாயத் தொறக்கும்" என்றாய்.

ஆண்டு விழா மதியம் கரண்டு போனது. திரும்பிய கணத்தில் ஸ்பீக்கர்கள் தொம்மென்று அதிர்ந்தன. தாய்மார்கள் எழுந்தார்கள். யாரும் அலறவில்லை. வானத்தில் புகையைத் தேடினார்கள். தேடியபடியே வெறுங்காலோடு அச்சங்குளம் சாலையில் ஓடினார்கள். அவர்கள் வீட்டாட்கள் அங்கே பட்டாசு ஆலைக்குத்தான் வேலைக்குப் போயிருந்தார்கள்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். "பட்டாசு செய்றவுகளே சத்தத்துக்குப் பயந்தா எப்படித்தா? இது நம்ம வெடி வாத்தியார் வேலை. வந்து உக்காருங்க."

திரும்பி வந்த பெண்கள், ஓடியதற்கு வெட்கப்பட்டு, மூச்சிரைக்கச் சிரித்தார்கள். மேடையில் அவருக்கு அருகே விருந்தினனாக அமர்ந்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பு இன்றும் கூசுகிறது.

மறுநாள் இருவரும் ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றினோம். நீ மாற்றிய டிரான்சிஸ்டர்கள் எல்லாம் சரியாக இருந்தன. ரிலேயின் குறுக்கேதான், உன் கை வேலை அல்லாத ஒரு துண்டு ஒயர், மொத்தையாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. காத்திருக்க வேண்டிய நொடிகளை அது இல்லாமல் ஆக்கியிருந்தது. விழாவுக்கு ஸ்பீக்கர் கட்டிய கம்பெனி மேனேஜரைக் கேட்டேன்.

"பட்டனைப் போட்டா பாட்டு ஒடனே வரணும்ல சார். மொதலாளி நின்னுக்கிட்டு இருப்பாக. அதான் நேரா ஜாயிண்ட் அடிச்சேன்" என்றார், சற்றும் கலங்காமல்.

அந்த ஒயரை ஊரார் முன் காட்ட வேண்டுமென்றேன். "காட்டுனா, அவுக ஓடுனது ஓடலன்னு ஆயிருமாலே?" என்றாய். தலை குனிந்து வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாய். "சாயங்காலம் எங்க வீட்டுக்காரக முழுசா வந்துட்டாக சார். அடுத்த தடவ சொல்லிட்டு வெடிங்க" என்றாள் ஒருத்தி. முதலாளி வைத்த பெயர் மட்டும் உன்னோடு ஒட்டிக்கொண்டது.

இன்றும் நான் சுமப்பது உன் சாவன்று நடந்ததை. தெருமுனையில் கார் நின்றது. அதே மேனேஜர், முதலாளி அனுப்பிய மாலையோடு. "சார், வெடி வாத்தியார் வீடு எது?"

உன் பெயரை, உன் தகப்பனார் பெயரோடு சேர்த்து, நிதானமாகச் சொன்னேன்.

அவர் மாலையைக் கை மாற்றிக்கொண்டு கேட்டார்: "அது யாரு சார்?"