நடுவில் கதவு வேண்டாம்

மார்ச் 3
பின்சுவரை ஒட்டி இன்று அஸ்திவாரம் தோண்டினார்கள். நம் பழைய ஓட்டு வீட்டோடு சேர்த்து, கண்ணாடியும் தட்டைக் கூரையுமாக ஒரு பெரிய அறை. "தாத்தாவுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டின மாதிரி இருக்கப் போகுது" என்று போனில் மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். ஓய்வு பெற்றபின் அவர் இவ்வளவு ஆர்வமாக எதையுமே செய்ததில்லை.

மார்ச் 19
கண்ணாடி ஓரமாக என் தையல் மிஷினுக்கு இடம் பார்த்துவிட்டேன். அவரிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. எப்போதுதான் சொன்னார்?

ஏப்ரல் 2
கொத்தனாருக்கு டீ கொண்டுபோனேன். சமையலறைச் சுவரை எப்போது இடிப்பீர்கள், சாமானை மூடிவைக்க வேண்டும் என்றேன்.
"அதை எதுக்கும்மா இடிக்கணும்?"
"கதவு வைக்கத்தான்."
"நடுவுல கதவு வேண்டாம், வாசல் வெளிப்பக்கமாவே இருக்கட்டும்னு ஐயா அன்னிக்கே சொல்லிட்டாரே. தனியா ஒரு சமையல் மேடைகூட..."
பாதியில் நிறுத்திவிட்டார். அப்புறம் என் முகத்தையே பார்க்கவில்லை.

அன்றே, மாலை
கேட்டுவிட்டேன்.
"உன்மேல கோவம் இல்ல. தனியா இருக்கணும்னு தோணுது, அவ்வளவுதான்."
"எவ்வளவு நாளா?"
"ரொம்ப நாளா."
அவ்வளவுதானாம்! சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகலாம். கோவமே இல்லாத மனுஷன்கிட்ட என்னத்தச் சொல்லி அழறது? நான் என்ன பண்ணினேன்? என்ன பண்ணாம விட்டேன்?

ஏப்ரல் 3
எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 27
மகள் வந்தாள். அப்பாவிடம் கத்தினாள், பிறகு என்னிடம். "வேலையை நிறுத்தும்மா! வீடு உன் பேர்லயும்தானே இருக்கு?"
நிறுத்தலாம். நிறுத்தினால் அவர் இங்கேயே இருப்பார் — இதே மேஜையில், எனக்கு எதிரே, வேண்டாவெறுப்பாக. தெரிந்தபிறகு அந்த முகத்துக்கு எப்படிச் சோறு போடுவது?
கட்டட்டும் என்றேன்.

மே 30
அவருடைய கட்டில் புது அறைக்குப் போயிற்று. தூக்க ஆள் போதவில்லை. ஒரு பக்கம் நான்தான் பிடித்தேன்.

ஜூன் 16
விடியற்காலையிலிருந்து மழை. வாசல் மணி அடித்தது. திறந்தால், அவர். குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "உள்ள வரலாமா?" என்றார்.
ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தாராம். அண்ணாந்து எல்லா அறையும் பார்த்தார். ஒழுகவில்லை. உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து காபி குடித்தார். டம்ளரை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டார்.
எழுந்து குடையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றார். வேலைக்குப் போன காலத்தில்கூட ஒருநாளும் என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பியதில்லை.
"பாத்துப் போங்க" என்றேன்.