ஏழாம் பக்கம்

கூலிம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் குணாளனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு நான் நலம். மெல்பர்னில் நீயும் நளினியும் பிள்ளையும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் சொன்னால் வேலையில் இருக்கிறேன் என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வக்கீல் ஆபீசா அது? நீ சொன்னபடி செவ்வாய்க்கிழமை உன் மாமா மகன் சத்தியசீலன் காரில் அந்த வக்கீல் ஜெனவீவிடம் போனேன். வீட்டு வரி கட்டுவதற்கான பவர் பத்திரம், ஐந்து நிமிட வேலை என்று நீதானே சொன்னாய். ஒன்றரை மணி நேரம் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். முதலில் சத்தியசீலனைக் கீழே கடைக்குப் போய் டீ குடிக்கச் சொன்னாள். சொந்தக்காரப் பையன் பக்கத்தில் இருந்தால் என்ன கெட்டுவிடும்? எனக்கு முகமே எரிந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, இங்கிலீஷ் பத்திரம் பதினோரு பக்கத்தையும் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்துக்குப் பக்கம், "இப்ப நீங்க சொல்லுங்கம்மா, இதுல என்ன இருக்கு?" என்று பரீட்சை வேறு.

நானும் விடவில்லை. உன்னை வக்கீலாகப் பிடித்ததே என் மகன்தான், பெற்ற பிள்ளைமேல் எனக்கென்ன சந்தேகம் என்று சத்தம் போட்டேன். "போன் போட்டது உங்க மகன்தாம்மா. கையெழுத்துப் போடறது நீங்கதானே லா. அப்ப நான் உங்க லாயர்" என்றாள். என்ன வாய்!

அவளுடைய கிளார்க் இராசாத்தி சொன்னாள், ஜெனவீவ் முன்பு அலோர் ஸ்டார் டவுனில் பெரிய வக்கீல் ஆபீசில் இருந்தாளாம். ஒரு காலைக்குள் இருபது பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். விளக்கிச் சொல்ல நேரமில்லை என்று சண்டை போட்டு விலகி, இங்கே தனியாகப் போர்டு மாட்டிப் பன்னிரண்டு வருஷம். இந்தப் பிடிவாதத்தால் பாதிப் பேர் வேறு வக்கீலிடம் ஓடுகிறார்களாம். ஓடாமல் என்ன செய்வார்கள்!

ஏழாம் பக்கம் வந்தது, குணா. இந்த வீட்டை நீ விற்கலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை என்று இருந்தது. தப்பாக வாசிக்கிறாய் என்று அவளைத் திட்டினேன். மறுபடியும் நிதானமாக வாசித்தாள். மூன்றாம் தடவை வேண்டாம் என்று நானே நிறுத்திவிட்டேன்.

இதுவா வீட்டு வரி? நானும் உன் அப்பாவும் ஹைடெக் பார்க் ஃபேக்டரியில் இருபது வருஷம் மாறிமாறி ஷிப்ட் பார்த்து வாங்கிய வீடு. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே! முன்பின் தெரியாத ஒருத்தி வாயிலிருந்தா நான் அதைக் கேட்க வேண்டும்? உனக்கு வெட்கமாக இல்லையா?

கையெழுத்துப் போடவில்லை. போடுங்கள் என்றும் அவள் சொல்லவில்லை, போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

விடுமுறை கிடைத்ததும் வா. எதிரில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை நீயே எனக்கு வாசித்துக் காட்டு. உன்னால் வாசிக்க முடிந்தால் நான் போட்டுவிடுகிறேன்.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வீடு போன பிறகு நான் எங்கே இருப்பேன் என்று அந்தப் பதினோரு பக்கத்தில் எங்கேயும் இல்லை. வரும்போது அதையும் எழுதிக்கொண்டு வாப்பா.

உன் அம்மா,
பிரேமாவதி