கிழக்குத் திடலுக்காகப் பதிந்த என் மூன்று கைநாட்டுகள்

அனுப்புநர்
சலவைத் தொழிலாளி, வயது எழுபத்தொன்று,
துணி உலர்த்தும் திடல், முதல் கொடி,
விமான நிலையத்துக்குக் கிழக்கே.

பெறுநர்
நில எடுப்பு அலுவலர் அவர்கள்,
விமான நிலைய விரிவாக்கப் பிரிவு.

பொருள்: ஆதரவுப் பட்டியலில் 88, 89, 90 ஆகிய வரிசை எண்களில் உள்ள மூன்று கைநாட்டுகளும் ஒரே ஆளுடையவை, அவற்றை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: விமான நிலையக் காத்திருப்பு அறையில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் அறிவிப்பு.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நான் என் கையால் எழுதும் முதல் மனு இது. நான்கு நாட்களாக எழுதுகிறேன். வரிகள் மேலே ஏறியும் கீழே இறங்கியும் இருந்தால், காற்றில் ஆடும் கொடி என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. இந்த ஊருக்கு வாரத்தில் இரண்டு நாள், பன்னிரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் வருகிறது. ஓய்வெடுக்க வருபவர்கள் அதில் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் படுத்து எழுந்த விரிப்புகளை நாங்கள் துவைத்து, ஓடுபாதையின் கிழக்கு முனையை ஒட்டிய திடலில் உலர்த்துகிறோம். அரசு இதற்கென்று விட்ட திடல் அது. மூன்று குடும்பங்களுக்கு மூன்று கொடிகள். முதல் கொடி எனக்கும் என் மனைவிக்கும். இரண்டாவது என் தம்பிக்கு. மூன்றாவது கோடி வீட்டு அக்காவுக்கு.

2. காலையில் ஏரிப்பக்கத்திலிருந்து பனி எழுந்து வரும்போது, எது பனி, எது விரிப்பு என்று எங்களுக்கே தெரியாது. கையை நீட்டித் தொட்டுப் பார்த்துத்தான் கிளிப் மாட்டுவோம். அந்த வெண்மைக்குள்ளிருந்து முதலில் சத்தம் மட்டும் வரும். பிறகு விமானம், யாரோ நினைத்துப் பார்த்ததைப் போல, தலைக்கு மேலே தோன்றும். ஓடுபாதை ஓரம் காற்றுத் திசை காட்டும் துணிக்குழல் ஒன்று கம்பத்தில் இருக்கிறது. அதைத் துவைத்துத் தைப்பதும் நாங்கள்தான். ஆனால் விமானி அதைப் பார்ப்பதில்லை. “அந்தக் குழல் சில நாள் தூங்கிடும் பெரியவரே, உங்க விரிப்பு தூங்காது” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆகவே விமானத்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

3. விமானம் வராத நாட்களில் காத்திருப்பு அறை காலியாக இருக்கும். டிக்கெட் கொடுத்து, பெட்டிகளை எடை போடும் அம்மா அங்கே பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். நாங்கள் ஆறு பேர். ஒரு சமையல்காரர், இரண்டு படகுக்காரர்கள், அறை துப்புரவு செய்யும் இரண்டு பெண்கள், நான். போன மழைக்காலத்தில் தொடங்கினேன். சுவரில் இருந்த ‘வருகை’ என்ற பலகையின் கீழே முப்பது வருடம் நடந்திருக்கிறேன். ஒரு பகல் அது வாயைத் திறந்து என்னிடம் பேசிற்று. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கடைப் பலகைகளும் தபால் பெட்டியும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பேசின. இப்போது கனவிலும் எழுத்துகள் வருகின்றன. என் கொடியில் வரிசையாகத் தொங்கி உலர்கின்றன. ‘ழ’ மட்டும் கடைசிவரை சொட்டிக்கொண்டே இருக்கிறது.

4. இருபத்திரண்டு நாட்களுக்கு முன் தங்கள் அறிவிப்பு அந்த அறையில் ஒட்டப்பட்டது. பெரிய எழுத்தாக இருந்ததால் டிக்கெட் அம்மா அதையே எங்களுக்குப் பாடமாக வைத்தார். ஓடுபாதையைக் கிழக்கே நீட்டிப் பெரிய விமானங்களை இறக்கப் போகிறார்கள் என்று புரிந்தது. ஐந்தாம் பத்தி எனக்கு விழுந்தது. எழுந்து நின்று வாசித்தேன். “கிழக்குத் திடலைப் பயன்படுத்தும் மூன்று குடும்பங்களும் திடலை ஒப்படைக்க முழுச் சம்மதம் தெரிவித்துக் கைநாட்டு வைத்துள்ளன.” ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மகிழ்ச்சியில் நேராகத் திடலுக்கு ஓடி, என் தம்பிக்கும் அதை அப்படியே சொல்லிக் காட்டினேன். அவன் முகம் மாறிய பிறகுதான், வாசித்தது என்ன என்பது எனக்குள் இறங்கியது.

5. மறுநாள் அறிவிப்போடு ஒட்டியிருந்த ஆதரவுப் பட்டியலைப் பார்த்தேன். வரிசை எண் 88. இடது பெருவிரல். இளம் வயதில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு அதன் குறுக்கே வாய்க்கால் போல ஓடுகிறது. அது என் விரல். 89-லும் அதே வாய்க்கால். 90-லும் அதே. பெயர் எழுதும் இடத்தில் ஒன்றில் மட்டும் என் பெயர் இருக்கிறது. மற்ற இரண்டும் வெறுமை.

6. இது நடந்த விதத்தை மறைக்காமல் எழுதுகிறேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பெரிய விடுதியில் விரிப்புகளை ஒப்படைப்பேன். அதற்கான சீட்டு மூன்று படிகள். மூன்றிலும் கைநாட்டு வைப்பேன். முப்பது வருடப் பழக்கம். விரல் மையைத் தொட்டால் மூன்று முறை குதித்துவிட்டுத்தான் ஓயும். அந்த வியாழக்கிழமை எழுத்தர் போனில் பேசிக்கொண்டே ஒரு தாளை நகர்த்தி, “இதுலயும் ஒண்ணு வச்சிடுங்க பெரியவரே, ஊருக்கு நல்லதுதான்” என்றார். அவர் கேட்டது ஒன்று. தாளில் கட்டங்கள் வரிசையாக இருந்தன. நான் மூன்று வைத்தேன். அவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். என்னவென்று கேட்காதது என் தப்பு.

7. என் தம்பி இதை நம்பவில்லை. “நீ இருக்கும்போது நாங்க எதுக்குண்ணே? எங்க விரலையும் நீயே வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுத் தன் கொடியின் மறுகோடிக்குப் போய்விட்டான். அதன் பிறகு மூன்று வாரமாக என்னோடு பேச்சில்லை. நடுவில் விரிப்புகள் ஆடுகின்றன. அவன் கால்கள் மட்டும் கீழே தெரிகின்றன. ஐம்பது வருடமாக ஈர விரிப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவனும் பிடித்து முறுக்கிப் பிழிந்திருக்கிறோம். இப்போது என் மனைவிக்கு மணிக்கட்டு வலிக்கிறது. “படிச்சது போதும், படிச்சதை வச்சு ஏதாவது பண்ணுங்க” என்று அவள் சொன்னதால்தான் இந்த மனு.

8. ஊர் இரண்டாகப் பேசுகிறது. டாக்சி ஓட்டும் என் மருமகன், “மாமா, பெரிய விமானம் வந்தா எங்க பொழப்பு எழுந்து நிக்கும். உங்க வெள்ளைத் துணி வேற எங்கயும் காயாதா?” என்கிறார். படகுக்காரர்கள் ஏரியில் பறவை தங்காது என்கிறார்கள். டிக்கெட் அம்மாவும் விரிவாக்கத்துக்கு ஆதரவுதான். இந்த மனுவை எழுதித் தரச் சொன்னேன். மறுத்துவிட்டார். “என் கட்சி வேற, உங்க கட்சி வேற. ஆனா ஒற்றுப்பிழையோட அனுப்பினா எனக்குத்தான் அவமானம்” என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினார். இரண்டு பக்கத்தாரிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் யாருடைய பக்கமும் என் பெருவிரலின் மேல் நிற்கக் கூடாது.

9. மேற்கு முனையில் கல்லும் முள்ளும் கிடக்கும் வெற்றிடம் இருக்கிறது. நடந்து பார்த்தேன். அறுநூற்று நாற்பது தப்படி. எங்கள் திடல் அறுநூற்றுப் பத்து. பொறியாளர்கள் என்னைவிட அறிந்தவர்கள். இருந்தாலும் ஒருமுறை அந்தப் பக்கமும் நடந்து பார்க்க வேண்டுகிறேன்.

ஆகவே, அந்த மூன்று கைநாட்டுகளையும் பட்டியலிலிருந்து நீக்கி, ஐந்தாம் பத்தியைத் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். திடலை எடுப்பதானாலும் விடுவதானாலும், மூன்று குடும்பங்களையும் தனித்தனியே கேட்டபின் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், மேற்கே நீட்டுங்கள் என்பேன். திருத்தத்தைத் தபாலில் மட்டும் அனுப்பாமல், பொது விசாரணையில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கச் சொல்லுங்கள். என் தம்பிக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்தால் நம்புவானோ, தெரியவில்லை.

கீழே இரண்டு கோடுகள் விட்டிருக்கிறேன், அவை என் தம்பிக்கும் கோடி வீட்டு அக்காவுக்கும். நான் அவற்றைத் தொட மாட்டேன்.

தங்கள் பதிலை எழுத்துக்கூட்டிப் படிக்கக் காத்திருக்கும்,

(கையொப்பம் – நானே இட்டது)

தம்பி: (கைநாட்டு)

கோடி வீட்டு அக்கா: ____________

இடம்: காத்திருப்பு அறை, ஜன்னல் ஓர நாற்காலி
நாள்: அறிவிப்பு ஒட்டிய இருபத்திரண்டாம் நாள், செவ்வாய்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் இதைத் திடலுக்குக் கொண்டுபோய், என் கொடிக்கு இந்தப் பக்கம் நின்று உரக்க வாசித்தேன். பாதியில் அவன் கால்கள் நகராமல் நின்றன. ஏழாம் பத்தி முடிந்ததும் விரிப்பை விலக்கிக்கொண்டு வந்து, “மணிக்கட்டு வலின்னு அண்ணி என்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டான். பிறகு மைப்பெட்டி எங்கே என்றான். ஒரே ஒரு முறைதான் வைத்தான். அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். வந்ததும் தங்கள் அலுவலகத்துக்கே வந்து தன் கோட்டைப் பார்த்துக்கொள்வார். தம்பியின் மை காய்வதற்காக மனுவை இரண்டாவது கொடியில் மாட்டி வைத்தோம். மேல் ஓரத்தில் உள்ள கிளிப் தடத்தை அலுவலகம் பிழையாகக் கொள்ள வேண்டாம்.