தேயிலைப் பெட்டி வீடு

786

கீழக்கரை,
ரஜப் மாதம், 1957

மேன்மை பொருந்திய மச்சான் ஹாஜா முகைதீன் அவர்களுக்கு, நஃபீசா ஸலாம் கூறி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகள் மஜீதாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கொழும்பில் தங்கள் சுகத்தையும் கடையின் சுகத்தையும் அறிய ஆவல். கடையை விசாரிக்காமல் விட்டால் தங்களுக்குக் கோபம் வருமே என்று அதையும் சேர்த்து எழுதினேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நெடுநாளைக்குப் பிறகு வந்த கடிதம், மஜீதாவின் வீட்டு வேலையைத் தொடங்கச் சொல்லித்தான் வந்திருக்கும் என்று அவசரமாகப் பிரித்தேன். வீட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பொம்மை வீடு. முதலாளியின் மகளுக்குப் பிறந்தநாள் வருகிறதாம். வெள்ளைக்காரர் கடைக் கண்ணாடிக்குள் ஒரு பொம்மை வீட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை கேட்டு அழுகிறதாம். கட்டில், நாற்காலி, ஊஞ்சல் எல்லாம் சின்னதாக வேண்டும், விளக்குகள் நிஜமாகவே எரிய வேண்டும், உன் கைக்குத்தான் அது வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கை நினைவிருக்கிறதே, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

செய்து தருகிறேன் மச்சான். மஜீதா சிறுபிள்ளையாக இருந்தபோது ஓலையில் நான் முடைந்து கொடுத்த கட்டிலையும் தொட்டிலையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சிரிப்பீர்கள். அதை மறக்காமல் இருந்தீர்களே, அதற்காகச் செய்கிறேன். முதலாளி மனம் குளிர்ந்து தங்களைக் கடையில் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டால் உடனே சுவர் எழுப்பிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவும் செய்கிறேன்.

கொல்லையில் மஜீதாவின் வீட்டுக்கு அஸ்திவாரத்தைப் போட்டுவிட்டுத் தாங்கள் கப்பலேறியபோது மஜீதா அதன் மேல் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். இப்போது அவளை வாசலுக்கே அனுப்புவதில்லை. அஸ்திவாரத்துக்குள் கருவேல முள் வளர்ந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஆடுகள் அங்கேதான் குடியிருக்கின்றன.

நம் ஊர் வழக்கத்தை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். தாங்களும் என் வாப்பா கொடுத்த வீட்டுக்குத்தான் வந்தீர்கள். அதில் பாதி என் தங்கச்சிக்கு. மஜீதாவுக்கு என்று எடுத்துக் கொடுக்க இங்கே ஒரு சுவர்கூட மிச்சமில்லை. மஜீதாவைப் பெண் கேட்டிருக்கும் மஹ்மூதின் வீட்டார் நல்ல மனிதர்கள். பையன் தொழுகை தவறாதவன், மஜீதாவை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. வீடு எப்போது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்குப் பொய் தீர்ந்துவிட்டது.

தெருமுனை வரைக்கும் கரண்ட் கம்பம் வந்துவிட்டது. நம் வீட்டுக்கு இழுப்பதற்கு ஆண்பிள்ளை வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அதனால் நாங்கள் இன்னும் அரிக்கேன் விளக்கோடுதான் இருக்கிறோம். அதன் பக்கத்தில் உட்கார்ந்து முதலாளி மகளின் வீட்டுக்கு எலெக்ட்ரிக் லைட் போடப் போகிறேன், கேட்டால் ஊரே சிரிக்கும். அவள் வைத்திருக்கும் பொம்மை எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் கட்டிலை வெட்ட வேண்டும்.

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
நஃபீசா


786

கீழக்கரை,
ஷஃபான் மாதம், 1957

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, நஃபீசாவின் ஸலாம். இந்த முறை தங்கள் கடிதம் சீக்கிரமே வந்துவிட்டது. பொம்மை வீட்டுச் சங்கதி என்றால் கப்பலும் வேகமாக ஓடுகிறது.

வீடு முக்கால்வாசி முடிந்துவிட்டது. தாங்கள் முன்பு சாமான் போட்டு அனுப்பிய தேயிலைப் பெட்டிகளை உடைத்து, அந்தப் பலகையில் சுவரும் மாடியும் ஆக்கினேன். பலகையில் எஸ்டேட்டின் பெயர் பெரிதாக அச்சடித்திருந்ததை வண்ணக் காகிதம் ஒட்டி மறைத்தேன். பொம்மை விரல் நீளம் என்று எழுதியிருந்ததால் எல்லாவற்றுக்கும் என் விரல்தான் அளவுகோல். அலமாரியின் இழுப்பறைகள் தீப்பெட்டிகள். ஊஞ்சல் தொங்குவது மஜீதாவின் சின்ன வயதுக் கொலுசுச் சங்கிலியில். குருத்தோலையை ஊசியால் நூல்போலக் கிழித்து அவளே பாய் முடைந்தாள். நாற்காலிதான் என் உயிரை எடுத்தது. கண்ணாடிச் சில்லால் ஒரு காலைச் சீவினால் அடுத்த கால் நெட்டையாக நிற்கும். அதைச் சீவினால் இது நெட்டை. சீவிச் சீவிக் கடைசியில் அது மணையாகிப் போனது. மணையாகவே இருக்கட்டும் என்று அடுப்படியில் போட்டுவிட்டு வேறு நாற்காலி செய்தேன்.

டார்ச் பல்புகளையும், பழைய ரேடியோச் சுருளில் பிரித்த செம்புக் கம்பியையும் தம்பி சுஐபு அவன் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். பூத் தொடுக்கிற மாதிரி பல்புகளை ஒன்றையடுத்து ஒன்றாகக் கோர்த்துவிட்டேன். எல்லாம் காய்ச்சல்காரன் கண்போல மங்கி எரிந்தன. ஒன்றைக் கழற்றினால் அத்தனையும் அவிந்தன. சுஐபு பார்த்துச் சிரித்துவிட்டு, ‘ஒரு ஆளு சோத்த ஊருக்கே பங்கு வச்சா இப்படித்தான் லாத்தா. ஒவ்வொரு லைட்டுக்கும் பேட்டரியிலேருந்து தனித்தனியா ரெண்டு கம்பி இழுங்க’ என்றான். கம்பி மேலுள்ள பூச்சைப் பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் முறுக்க வேண்டும் என்பதும் கையைக் கிழித்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு அறையும் தனியாக எரிகிறது. விளக்குக்கு மூடி, கடற்கரையில் பொறுக்கிய சின்னச் சிப்பிகள். பேட்டரி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு விளக்கு அவசியம் வேண்டும், பிள்ளை இருட்டில் பயந்து எழுந்து அழும், வெளிச்சம் இல்லாமல் தூங்காது என்று எழுதியிருந்தீர்கள். முதலாளி மகள் எப்படித் தூங்குகிறாள் என்பது கடைக் கணக்கப்பிள்ளையான தங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கொழும்பில் அப்படி ஒரு வழக்கம் போலிருக்கிறது. வாசல் நிலைக்கு மேலே எழுதச் சொன்ன பெயரையும் படித்தேன். சுலைஹா. என் மாமியின் பெயர், தங்களைப் பெற்றவரின் பெயர். நம் மகளுக்கு அதை வைக்காமல் என் உம்மாவின் பெயரை வைத்துவிட்டோம் என்று தாங்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. யாரோ ஒரு முதலாளிக்கும் அதே பெயர்தான் பிடித்திருக்கிறது. நான் கையிலிருந்த வேலையைப் பார்த்தேன்.

இனிதான் முக்கியமான சங்கதி. சென்ற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, மஹ்மூதின் உம்மா நாலு பெண்களோடு முன்னறிவிப்பில்லாமல் வந்துவிட்டார். பொம்மை வீடு கூடத்தில் திறந்தபடி இருந்தது. சுஐபு அப்போதுதான் பேட்டரி போட்டு எல்லா விளக்கையும் எரியவிட்டுப் போயிருந்தான். அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, ‘புள்ளைக்குக் கட்டப் போற வீட்டுக்கு மாதிரி செஞ்சு காட்ட வாப்பா சொல்லிருக்காஹளா? மாடியும் வச்சா? ரூமுக்கு ரூம் லைட்டா?’ என்று கேட்டார். கூட வந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். மணமக்களுக்கு எந்த அறை என்று ஒருத்தி கேட்டாள். ஊஞ்சல் போட்ட அறைதான் என்று இன்னொருத்தி அவளாகவே பதில் சொன்னாள்.

கதவுக்குப் பின்னால் மஜீதா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று தெரியுமா? இது அந்த வீடு இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கண்ணில் காட்டிய வீடு நம் ஊரில் கொடுத்த வாக்கு மாதிரி. அந்த அம்மா எல்லோர் வாயிலும் சீனி போட்டுவிட்டு, நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று நாளும் குறித்துவிட்டுப் போனார். நல்லவேளை, வாசலில் நான் இன்னும் பெயர் எழுதியிருக்கவில்லை.

மச்சான், என் வாழ்நாளில் தங்களிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன். இந்தப் பொம்மை வீடு இங்கேயே இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு இதைவிட அழகாக இன்னொன்று செய்து தருகிறேன். தாங்கள் ஒரு தரம் வந்து, முள்ளை வெட்டி, அஸ்திவாரத்தின் மேல் ஒரு வரிசைக் கல் வைத்துவிட்டுப் போங்கள். பெண்ணுடைய வாப்பா வந்துவிட்டார் என்று ஊர் நம்பும், மஹ்மூதின் வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள். மாடி வேண்டாம், கரண்டும் வேண்டாம். கூரை ஒன்று போதும்.

தங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
நஃபீசா


786

கீழக்கரை,
ரமலான் மாதம், 1957

ஹாஜா முகைதீன் அவர்களுக்கு, நஃபீசா எழுதுவது. ஸலாம்.

நோன்பு மாதம். அதனால் சங்கதிகளை நடந்தபடியே எழுதுகிறேன்.

தங்கள் பதில் வந்தது. வீட்டுப் பேச்சை இப்போது எடுக்காதே, பிள்ளை தினமும் கேட்டு அழுகிறது, நம் கடையாள் வாவு முகம்மது ஊருக்கு வருகிறார், அவரிடம் உடனே கொடுத்தனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். காகிதத்தின் மறுபுறம் வெறுமையாகத்தான் இருந்தது. மஜீதாவின் நிக்காஹைப் பற்றி ஒரு வரி எழுத அதில் இடமிருந்தது.

அண்ணன் முறையான வாவு காக்கா வந்தார். முதலாளி மகளுக்கு என்ன வயது காக்கா என்று சும்மாதான் கேட்டேன். ‘முதலாளிக்கு ஏதும்மா பொம்பளப் புள்ள, எல்லாம் ஆம்பளப் புள்ளையில்லா’ என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு குடைப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பெட்டியை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுந்தார். அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸும் இல்லை. அவரைக் குறை சொல்லாதீர்கள். நோன்பு வாயால் அவருக்குப் பொய் வரவில்லை.

சுலைஹா யாருடைய மகள் என்பது எனக்கு முன்பே தெரிந்ததுதான். அந்தப் பெயரைப் படித்தபோதே தெரியும். ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்டதும் பொறுக்கவில்லை. பொம்மை வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். தேயிலைப் பலகை நன்றாக எரியும். மஜீதா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ‘அந்தப் புள்ள என்னம்மா செஞ்சிச்சு?’ என்று கேட்டாள். வீட்டை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். மெல்லிய தூரிகை எடுத்து வாசல் நிலைக்கு மேலே தன் வாப்பும்மாவின் பெயரைத் தானே எழுதினாள். அவள் கையெழுத்து எவ்வளவு அழகு என்று இப்போதாவது பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டில், நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் பட்டப்பகலில் பொம்மை வீடு மஹ்மூதின் வீட்டு வழியாகக் கைவண்டியில் போனது. சாக்குப் போட்டு மூடியிருக்கலாம். எனக்கு மூட மனம் வரவில்லை. இல்லாத வீட்டை இருப்பதாகக் காட்டி என் பிள்ளையை நான் கட்டிக் கொடுக்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது. மஹ்மூதின் உம்மா அப்போதே ஓடிவந்தார். ‘வீடு எங்க போவுது?’ என்று கேட்டார். கொழும்பில் ஒரு பிள்ளைக்கு என்றேன். ‘அப்ப நம்ம புள்ளைக்கு?’ என்றார். நான் அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் அஸ்திவாரத்தைக் காட்டினேன். ஆடுகள் படுத்திருந்தன. அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

நோன்பு திறந்த பிறகு ஆள் வந்து, இந்தப் பேச்சு இத்தோடு நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. வீடில்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டு அவர்கள் பிள்ளை எங்கே போய் இருப்பான்? மஜீதா அன்று இரவும் தராவீஹ் தொழுதாள், அன்றும் விடியுமுன் சஹருக்கு எழுந்து எனக்குச் சோறு போட்டாள். தாங்கள் எழுதும் கடிதத்தில் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். அவளுக்கு அது கிடைக்காமலே பழகிவிட்டது.

விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் பிள்ளை ஏமாந்துபோகும். மாடிப்படியைத் தூக்கினால் பேட்டரி இருக்கும். கப்பலில் ஆடிய ஆட்டத்தில் கம்பி எதுவும் கழன்றிருந்தால் நுனியைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள். தலைமாட்டு விளக்கை மட்டும் நான் மற்றவற்றோடு சேர்க்கவில்லை. அதற்குக் கட்டிலுக்கு அடியிலேயே தனிப் பேட்டரி வைத்திருக்கிறேன். வீடு முழுக்க அவிந்தாலும் அது எரியும். மஜீதாவும் சின்ன வயதில் இருட்டுக்குப் பயப்படுவாள். தாங்கள் கப்பலேறிய பிறகு வந்த பயம் அது, அதனால் தங்களுக்குத் தெரியாது. அரிக்கேனின் திரியைக் குறைத்து அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு நான் பக்கத்தில் படுத்துக்கொள்வேன்.

சுலைஹாவுக்கு என் துஆ. அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கு நீண்ட ஆயுளையும் நல்ல குணத்தையும் தரட்டும். அவள் வளர்ந்து பெரியவளாகி, ஒரு நல்ல இடத்திலிருந்து அவளைப் பெண் கேட்டு வரும் நாளில், அவளுடைய வாப்பா வீட்டில் இருக்கட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
மஜீதாவின் உம்மா
நஃபீசா