மீனெண்ணெய் பூசிய இன்ஜின்

நைனா, வண்டியின் சீட்டைத் தூக்கியதும் மீனெண்ணெய் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. நாற்றம் மட்டும் நேற்றுத் தடவியது போல இருக்கிறது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

படகை விற்று இந்தப் பழைய மினி லாரியை வாங்கி வந்த அன்றே உன் வைத்தியம் ஆரம்பித்தது. படகுப் பலகைக்குப் பூசுகிற மீனெண்ணெயைத் துணியில் நனைத்து இன்ஜின் முழுக்கத் தேய்த்தாய். மெக்கானிக் ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னா நைனா, மசாலா தடவி வறுக்கப் போறியா?"

"உப்புக்காத்துல மரத்தையே காப்பாத்துதுடா. இரும்பைக் காப்பாத்தாதா?"

எல்லாரும் சிரித்தோம். நீ சட்டை செய்யவில்லை. மாதம் தவறாமல் தடவினாய்.

அந்த வைத்தியத்தின் பலனை நான்கு நாளாக நான்தான் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். எண்ணெயில் மணலும் தூசியும் ஒட்டி, விரல் தடிமனுக்கு அடையாகக் காய்ந்திருக்கிறது. மீன் வாசனைக்கு வந்த எலிகள் ஒயர், ரேடியேட்டர் ஹோஸ் எதையும் மிச்சம் வைக்காமல் குடித்தனமே நடத்தியிருக்கின்றன. மீன் அரிகிற கத்தியால் சுரண்டி, டீசலில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் தேய்த்தேன். அடை பெயர்ந்த இடத்தில் இரும்பில் ஒரு பொட்டுத் துரு இல்லை. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

இந்த வண்டி ஓடியே ஆக வேண்டும் நைனா. மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் நடுவழியில் இறக்கிவிடுகிறார்கள். நேரத்துக்குப் பொன்னேரி சந்தைக்குப் போகாவிட்டால் அத்தனையும் கருவாட்டுக்குத்தான். நானே ஓட்டலாம் என்று லைசென்ஸும் எடுத்துவிட்டேன். தம்பியோ பழைய இரும்புக்கு எடைபோட்டுக் கொடுத்துவிடலாம் என்று காயலாங்கடைக்காரரை வரச்சொல்லிவிட்டான். எனக்கு இன்று மதியம் வரைதான் கெடு.

புது ஒயர் போட்டாயிற்று. செல்ஃப் அடித்தால் 'டொக்' என்கிறது, இன்ஜின் சுற்றவில்லை. உள்ளே டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டோம். காலையில் முன்பக்க போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, அதில் நீளக் குழாயைச் செருகி, ஏழுமலையும் நானும் தொங்கிப் பார்த்தோம். அசையவே இல்லை.

ஏழுமலை கையைத் துடைத்தான். "வெளிய நைனா காப்பாத்திட்டாருக்கா. உள்ளதான் போச்சி. வாரத்துக்கு ஒரு தபா ஸ்டார்ட் பண்ணி உட்டிருந்தா இப்டி இறுகியிருக்காது."

நான் குனிந்து ஸ்பேனரிலிருந்து குழாயை உருவினேன்.

அதையேதான் நீயும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னாய். ஒவ்வொரு ஞாயிறும், "ஸ்டார்ட் பண்ணியா? சத்தம் எப்டி கீது?" என்று கேட்டாய். "நல்லா கீது நைனா" என்றேன். உண்மையில் வண்டிப் பக்கமே நான் போகவில்லை. உன் சீட்டில் நான் உட்கார்ந்தால் நீ திரும்பி வரமாட்டாய் என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

இப்போது காயலாங்கடை லாரி வேலியோரம் வந்து நிற்கிறது. தம்பி எலிகளைத் திட்டிக்கொண்டே கயிறு எடுத்துக் கொடுக்கிறான். நீ வாங்கி வந்த அன்றைவிட இன்ஜின் சுத்தமாக இருக்கிறது. நாளைக்குக் கூடையை எப்படிக் கொண்டுபோவேன் என்று தெரியவில்லை.

கடைசி ஞாயிறும் கேட்டாய். அதே பொய்யைச் சொன்னேன். "நீ கீற, எனுக்கு இன்னா கவல" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாய். அந்தத் தட்டலை எங்கே கொண்டுபோய் வைப்பேன் நைனா?