என் மகளின் கேள்விக்குப் பதில் அனுப்ப உதவி வேண்டி

அனுப்புநர்:
திருமதி மாக்கிறேட் ஞானேந்திரன்,
கிரவீன், நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
ஆணையாளர் அவர்கள்,
தனிநபர் தகவல் பாதுகாப்பு அலுவலகம்,
சிட்னி.

பொருள்: மூடப்பட்ட மரபணு வம்சாவளித் தளத்தின் பதிவுகள் இம்மாத இறுதியில் அழிக்கப்படுவதை நிறுத்திவைக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மன்னார், பேசாலையைச் சேர்ந்தவள். 2006இல் போருக்குப் பயந்து இராமேஸ்வரத்துக்குப் புறப்பட்டபோது எங்கள் படகு கவிழ்ந்தது. மூன்று வயது மகள் ஜெனோஜா என் கையை விட்டுப் போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் அவளுடைய ஆத்துமத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுத்து வருகிறேன்.

2. என் கணவர் ஞானேந்திரன் மட்டும் அவள் இறந்ததை நம்பவேயில்லை. சென்ற ஆண்டு, உறவினரைக் கண்டுபிடித்துத் தரும் அந்தத் தளத்துக்குத் தம் எச்சில் மாதிரியை அனுப்பினார். ஆனால் சொந்தப் பெயரைக் கொடுக்காமல், அருள்தாசன் என்று பதிந்துவிட்டார். ஏனென்று கேட்டதற்கு, "பேரைக் குடுத்துப் பட்டது காணாதே, இன்னும் படவேணுமே?" என்றார். போர்க்காலத்தில் இராணுவ முகாமில் உண்மைப் பெயரைச் சொன்ன அவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. எங்கள் ஆட்களில் பலர் இப்படித்தான் பெயரை மறைப்பார்கள்.

3. புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்த பிறகே அவருடைய போனில் தளத்தின் மின்னஞ்சலைக் கண்டேன். தந்தை, மகள் என்று பொருத்தம் காட்டியிருந்தது. கீழே ஒரு பெண் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: "என்னைக் கடலில் மீனவர்கள் எடுத்தார்களாம். நீங்கள் என் அப்பாவா? அம்மா உயிரோடு இருக்கிறாரா?" பெயர் இல்லை, ஊர் இல்லை, ஓர் இலக்கம் மட்டுமே. ஐயா, அன்று நான் தரையில் விழுந்து கத்தினேன்.

4. பதில் எழுதப் போனால், புதிய தனியுரிமைச் சட்டத்தின்படி தளத்தை மூடிவிட்டதாக அறிவிப்பு. நிறுவனத்துக்கு எழுதினேன். அருள்தாசனே அடையாள அட்டையுடன் விண்ணப்பிக்க வேண்டுமாம். அப்படி ஒருவர் இல்லை என்று விளக்கினேன். அவருடைய தனியுரிமையை மீற முடியாதாம். பிறக்காத மனிதனுக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் எச்சிலை எடுத்து அந்தப் பெண்ணின் பதிவோடு ஒப்பிடுங்கள் என்றேன். அதற்கு அவளுடைய சம்மதம் வேண்டுமாம். அதை அவளிடம் கேட்கவும் இனி வழியில்லையாம்.

5. சட்டம் தேவையில்லை என்று நான் வாதாடவில்லை. நம் விவரம் யார் கைக்குப் போகுமோ என்ற பயம் எங்களுக்குத் தெரியாததல்ல. அவளுடைய பெயரையும் முகவரியையும் நான் கேட்கவில்லை. அவளுக்கு விருப்பமில்லையென்றால் என்னைப் பார்க்கவும் வேண்டாம்.

ஆகவே, அந்த இரண்டு பதிவுகளையும் அழிக்காமல் நிறுத்திவைக்குமாறும், அவளுக்கு ஒரே ஒரு வரியைத் தங்கள் அலுவலகமே அனுப்புமாறும் மன்றாடுகிறேன். பதில் வராவிட்டால் நான் செத்துவிட்டேன் என்று அவள் முடிவுகட்டிவிடுவாள். அனுப்பவேண்டிய வரி இதுதான்: அம்மா உயிரோடு இருக்கிறார்.

இடம்: கிரவீன்
திகதி: 11.03.2026

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மாக்கிறேட் ஞானேந்திரன்